பிறனும் அன்பும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்து பெருமான் போதித்த அன்பைப்பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். நம் குலத்தில் சைவர் உளர், வைணவர் உளர், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்து சமயத்திலே நிற்கும் குடும்பத்தாரும் உளர். யாவரும் ஒரு பந்தலின்கீழ் அமர்ந்திருக்கும் இவ்விடத்தில் இப்பொருளைப் பேசுதல் ஒருவகையில் எளிது; ஒருவகையில் அரிது. அன்பு வேண்டாமென்பார் ஈண்டு ஒருவரும் இலராதலின் எளிது. அவ்வன்பின் எல்லை யாதென வினவுமிடத்து நாம் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு வேலி கோலி வைத்திருத்தலின் அரிது. பொதுக்குழு கூடுதற்கு இன்னும் சின்னாட்களே உள்ளமையால், அரியதனையே பேசத் துணிந்தேன்.

தமிழ் கற்பிப்பவனாதலின் சொல்லாராய்ச்சியில் தொடங்குகின்றேன், பொறுத்தருள்க. திருவள்ளுவனார் அன்புடைமையை இல்லறவியலில் 8-ஆம் அதிகாரமாகவும், அருளுடைமையைத் துறவறவியலில் 25-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பென்றும், தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருளென்றும் பரிமேலழகர் பிரித்துணர்த்துவர். பொருட்பாலில் ஓரிடத்து, அன்பு பெற்ற குழவியே அருள் என்னும் கருத்தையும் வள்ளுவனார் அமைத்திருக்கின்றார். ஆகவே மனைவி மக்களிடத்தும் சுற்றத்தாரிடத்தும் நாம் வைக்கும் அன்பு குறையுடையதன்று, அது தாய். ஆயினும் அத்தாய் மலடியாகவே இருந்துவிடுதலும் உண்டு. தன் வீட்டாரை உயிரினும் மேலாகப் போற்றி, அடுத்த வீட்டில் அழுகுரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வோரை நாம் அறியாதவரல்லேம்.

இனி, கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் பெயர்த்தோர் கையாண்ட ஒரு சொல்லை நோக்குவோம். தன்னை நேசிப்பது போன்று நேசிக்கப்பட வேண்டியவன் யாவன் என்பதற்குக் கிரேக்க மூலத்திலுள்ள சொல் அருகிலிருப்பவன் என்னும் பொருளது. ஆங்கிலத்தாரும் அயலான் என்றே கொண்டனர். தமிழில் பெயர்த்தோரோ ‘பிறன்’ என்றனர். பிறன் என்பான் நம்மவன் அல்லாதான். பிறனில் விழையாமை என்னுமிடத்து வரும் பிறன் அவனே. மூலத்திற்கு இது முழுதும் ஒக்குமோ என மொழிநூலார் வினவலாம். என் உள்ளத்திற்கோ இச்சொல் மிகப் பொருந்தியதாகவே தோன்றுகின்றது. நம்மவனை நேசிக்க வேதம் எதற்கு? அதற்கு இரத்தமே போதும்.

லூக்கா எழுதிய சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில், நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவினிடம் வந்து, தனக்குப் பிறன் யாவன் என்று கேட்கின்றான். எவ்வெவர்க்குக் கடமைப்பட்டுள்ளேன், எவ்வெவர்க்குக் கடமைப்படவில்லை என்று வரையறுத்துக்கொள்ளும் விருப்பமே அவ்வினாவின் உட்கிடை. விடையாக வந்ததே நல்ல சமாரியன் கதை. அதனை நீவிர் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் அக்கதை நிகழும் இடத்தை அறிந்தால் அதன் ஆழம் மிகும்.

எருசலேம் மலைமேல் உள்ள நகரம். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தது. எரிகோ நகரமோ கடல் மட்டத்திற்கும் ஏறக்குறைய 250 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தில் உள்ளது. இடையே 25 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வழி, வறண்ட மலைச்சரிவுகளூடே இறங்குவது. கள்வர் பதுங்கியிருத்தற்கு ஏற்றது. அவ்வழியில் அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்தான் ஒருவன். ஆசாரியன் ஒருவன் கண்டும் விலகிப் போனான். லேவியன் ஒருவனும் அவ்வாறே போனான். பிணத்தைத் தீண்டினால் தீட்டாகுமே என அஞ்சினர் போலும் என்று அறிஞர் சிலர் கூறுவர். அது மெய்யாயின் அவர்கள் கொடியரல்லர், ஆசாரம் தவறாதவர்கள். அதுவே நாம் நின்று எண்ணற்பாலது.

மூன்றாவது வந்தவன் சமாரியன். யூதருக்கும் சமாரியருக்கும் முன்னோர் ஒருவரே. வழிபடுமிடம் எருசலேமோ கெரிசீம் மலையோ என்னும் பூசலும், பிற பழம்பகைகளும் அவர்களைப் பிரித்தன. ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் நீர் வாங்கிப் பருகுதற்கும் கூசினர். இதனை நம் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிற தேசத்துப் பிரசங்கிகள் இவ்விடத்திற்கு வரும்போது நெடுநேரம் விளக்கம் கூறி இடர்ப்படுவர். நம் கிராமத்துச் சிறுவனுக்கோ ஒரு சொல்லே சாலும்.

அச்சமாரியன் அவனைக் கண்டு மனதுருகினான் என்பது கதை. மூலத்தில் அவ்வுருக்கத்தைக் குறிக்கும் வினைச்சொல் குடல் என்னும் பொருளுடைய பெயரடியாகப் பிறந்தது என்பர். பெற்ற வயிறு பற்றி எரிகின்றதென நம் தாய்மார் கூறுகின்றார்களே, அவ்வயிற்றெரிச்சலே அது. பெற்றவளுக்கு வரவேண்டிய எரிச்சல், பகைக்குலத்தான் ஒருவனுக்கு வழியிலே கிடந்தவனைக் கண்டதும் வந்தது. வந்தபின் அவன் செய்தவற்றை நோக்குக. அருகே சென்றான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தின்மேல் ஏற்றினான், சத்திரத்திற் சேர்த்து இரவெல்லாம் பேணினான், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அக்காலத்து ஒரு வெள்ளிக்காசு கூலியாள் ஒருவனது ஒருநாட் கூலி. மேற்செலவு நேரின் திரும்பி வருகையில் தருவதாகவும் சத்திரத்தானுக்கு வாக்களித்தான். உருக்கம் ஒரு கணத்தில் வந்தது. பணி மறுநாளும் தொடர்ந்தது. பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திலும், அன்பின் இலக்கணம் மூலமொழியில் பெரும்பாலும் வினைச்சொற்களாலேயே கூறப்பட்டுள்ளதென அம்மொழி வல்லார் உரைப்பர்.

கதை முடிந்தபின், அம்மூவருள் பிறனாக நடந்தவன் யாவன் என்று இயேசு திருப்பிக் கேட்டார். அதற்கு அச்சாஸ்திரி, இரக்கஞ் செய்தவனே என்றான். சமாரியன் என்னும் குலப்பெயரைச் சொல்ல அவன் நா எழவில்லை! தொழிலாற் சுட்டித் தப்பித்துக்கொண்டான். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்தைப் படிக்குந்தோறும் புன்னகை வரும். அடுத்த கணமே நெஞ்சு கனக்கும்.

இக்கதை எங்கோ யூதேயாவில் கூறப்பட்டதென விடவேண்டா. நம் திண்டிவனத்திலே ஓரிரவு நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிற் பிறந்தவர். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவப் பாதிரிமார். அமெரிக்காவிற் பயின்ற அவ்விளம்பெண்ணுக்கு அக்குலத்தொழிலில் விருப்பமில்லை. நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் தங்கிப் போகவே திண்டிவனம் வந்தார். ஓரிரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றொருவர் வேறோர் உயர்குலத்து இந்து. மூவர் வீட்டிலும் மனைவியர் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவம் கல்லாத அப்பெண்ணையே மூவரும் அழைத்தனர். என் தந்தையார் தேர்ந்த வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்று அவர் மன்றாடியும், அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்டிரைக் காணலாகாதென மூவரும் திரும்பிப் போயினர். பொழுது விடிந்தபோது பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் மாண்டனர்.

அன்பர்களே, அம்மூவரும் தம் மனைவியரிடத்து அன்பில்லாதவர் என்று யார் சொல்வர்? அன்பில்லாதவன் நள்ளிரவில் வேற்றுச் சமயத்தார் வாயிலில் வந்து நிற்பானோ? அன்பு இருந்தது. வேலி அதனினும் உயரமாக இருந்தது. ஆசாரியனையும் லேவியனையும் விலகிப் போகச் செய்த அதுவே இம்மூவரையும் வெறுங்கையாய்த் திருப்பியது.

பின்னர் ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரிலே ஒரே கட்டிலுடன் சிகிச்சை தொடங்கினார். 1902-இல் 40 கட்டில்களோடு மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. 1922-இல் முதல் அணியினராக 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். ஆடவர்க்கும் அக்கல்லூரி 1947-இல் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர வழியற்ற கிராமத்தார்பொருட்டு, வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையிலே மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்ததும் அவரே. 1960-இல் கோடைக்கானலில் காலமாகுமட்டும் இந்நாடே அவர் நாடாயிற்று. ஓரிரவின் உருக்கம் அறுபது ஆண்டுக்கு மேல் நின்றதென்றால், அது கண்ணீராக மட்டும் இருந்திருக்க இயலாது. நாடோறும் எழுந்து உழுது நீர் பாய்ச்சிய பயிர் அது.

அதே வேலூருக்கு 1946-இல் வந்தவர் பால் பிராண்டு என்னும் சத்திர வைத்தியர். இவரும் கொல்லிமலையைச் சார்ந்த பாதிரி குடும்பத்தில் 1914-இல் பிறந்தவரே. செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்ற அவர், விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவர் கையைப் பற்றித் தம் கையை இறுக்கிப் பிடிக்குமாறு சொன்னார். பிடி வலிக்கும்படி இருந்தது! செத்ததென யாவரும் கைவிட்ட கையிலே உயிருள்ள தசை இருந்தமை, தொட்டதனால் விளங்கிற்று. கண்ணாற் கண்டு போனோர்க்கு அஃது எங்ஙனம் விளங்கும்? 1948-இல் வேலூரில் அத்தகைய கைகளைச் சீர்செய்யும் அறுவை தொடங்கிற்று.

அவர் ஆராய்ந்து நிலைநாட்டிய உண்மை வேறொன்றுமுண்டு. தொழுநோயிலே விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தோன்றாமையால், சுட்டாலும் வெட்டுண்டாலும் அறியாது நோயாளர் தம் உறுப்பைத் தாமே தேய்த்துவிடுகின்றனர். உறங்கும்போது எலி கடித்தாலும் உணரார். அதன்பொருட்டே அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தனர். வலி என்பது உடலுக்குக் காவல் என்பது இதனாற் பெறப்படும். ஒரு சமூகத்துக்கும் இஃது ஒக்கும். தெருக்கோடியில் ஒருவனுக்குச் சுடும்போது நமக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால், நாம் நலமாயிருக்கின்றோம் என்பதோ பொருள்?

கை சீர்பெற்றோருள் சிலர் வைத்தியரிடம் வந்து, இனி எங்களுக்குப் பிச்சையும் கிடைப்பதில்லையே என்று முறையிட்டனராம். நல்ல கை கண்டவன் காசு போடுவானோ? தொழுநோயாளி என்று அறிந்தவனோ வேலையும் தாரான். ஆகவே அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில் கற்பிக்க ஒரு நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. சத்திரத்தானிடம் சமாரியன் ஏன் இரண்டு காசு கொடுத்துப் போனான் என்பது இங்கே விளங்குகின்றது.

இனி நம் சங்கத்திற்கு வருவோம். நமது மருத்துவ உதவி நிதியிலிருந்து ஒரு பங்கினை நம் குலத்தாரல்லாத ஏழை நோயாளர்க்கும் வழங்கலாமா என்னும் தீர்மானம் பொதுக்குழுவிற்கு வருகின்றது. நம்மவர்க்கே போதாத பொருளைப் பிறர்க்குப் பகிர்தல் எங்ஙனம் என மூத்தோர் சிலர் கேட்கின்றனர். அஃது இகழத்தக்க வினாவன்று. ஒவ்வொரு ரூபாயும் நம் முன்னோர் கடைகடையாக ஏறியிறங்கிச் சேர்த்தது. பிறர் நமக்குக் கதவடைத்த காலத்திலே நாமே நமக்குக் கைகொடுத்துக்கொள்ளச் சேர்த்தது. அதனை அறிந்தே பேசுகின்றேன். ஆயினும் நம் கடைகளில் மூட்டை சுமப்போர் யார்? நம் தெருவைக் கூட்டுவோர் யார்? நம் இல்லங்களிலே பாத்திரம் துலக்கும் பெண்கள் எக்குலத்தார்? அவர்கள் நாடோறும் நம் வாயிலில் வந்து நிற்கின்றனர். அவர்களுள் ஒருத்திக்கு நோய் வந்தால், நீ எங்கள் நிதிக்குப் பிறன் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. பள்ளியில் என் மாணாக்கர் அன்புடைமையைப் பற்றி அழகிய கட்டுரை எழுதி நிறைய மதிப்பெண் வாங்குகின்றனர். அவர்கள் இத்தீர்மானத்தின் முடிவையும் வீட்டிலே கேட்டறிவார்கள் என்பதை மறவற்க.

நிதியில் பத்தில் ஒரு பங்கு போதும். முதலாண்டு அவ்வளவில் தொடங்கலாம். பணத்தைக் காசோலையாக அனுப்பிவிட்டு அமராது, உதவி கேட்போரை அங்கத்தினர் இருவர் நேரிற் சென்று கண்டு, கட்டிலருகே சிறிது நேரம் இருந்து வருதல் வேண்டும் என்னும் விதியையும் சேர்க்கும்படி கேட்கின்றேன். தொலைவில் இருப்பாரிடத்து அன்பு வேர்கொள்வது அரிது. அருகே செல்லச் செல்ல அது வளரும். செல்வோர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்க; ஞாயிறுதோறும் எனக்கு ஓய்வுண்டு. விண்ணப்பத் தாளிலே பெயருக்கு அடுத்து நிற்கும் குலம் என்னும் கட்டத்தை, இந்தப் பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமாவது நீக்கிவிட வேண்டும். விதியைத் திருத்த மூன்றில் இரு பங்கினர் சம்மதம் தேவையென்று காரியதரிசியவர்கள் கூறினார்கள். ஆதலின் உடன்படுவோரும் மறுப்போரும் அன்று வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாது தவறாமல் வந்திருக்கும்படி வேண்டுகின்றேன்.