கூரையிற் சூரிய மின்சாரம்



சென்ற கோடையிற் பட்டப்பகலில் மின்சாரம் நின்றபோது, கூரையிற் சூரியத்தகடு வெயில் காய்ந்தும் எம் வீட்டு விசிறி சுழன்றிலது. மின்கலம் இல்லா இணைப்பு, கம்பியிற் பணிபுரிவோர் உயிர் காத்தற்பொருட்டுத் தானே அடங்கிவிடும். விற்றவர் இதனைச் சொல்லவில்லை; யாமும் கேட்டிலேம்.

நம்மவர் கேட்டு வாங்குக. விசிறி இரண்டும் விளக்கு நான்கும் ஐந்து மணி நேரம் இயங்க ஏறக்குறைய 1 யூனிட் போதும். ஈய மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குன்றுமாதலின் அதற்கு 2 யூனிட் கொள்ளளவு வேண்டும். லித்தியமாயின் 1¼ அமையும். ஆகவே பெட்டியின் விலையை மட்டும் நோக்காது, பயன்படும் யூனிட்டின் விலையையும் உழைக்கும் ஆண்டுகளையும் ஒப்பிடுக.

2024இல் மத்திய அரசு வகுத்த மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அது தகட்டின் அளவுக்கே, மின்கலத்துக்கன்று. கடன்பட்டுப் பெரிது வாங்கற்க; தேவையறிந்து வாங்குக.