பில்டரைத் திறந்து பாருங்கள்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். கடன் வாங்கி மரம் அறுக்கிற மிஷின் வாங்கின குழு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. பிஸ்டன் தேய்ஞ்சு போச்சு, செட்டோட மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டார். வேலை நின்னு போச்சு; தவணை நிக்கலை. "என்னம்மா ஆச்சு?"ன்னு கேட்டேன். "மிஷின் அடிக்கடி அணைஞ்சு போச்சாம். ஏர் பில்டரைக் கழட்டிட்டு ஓட்டினா நல்லா இழுத்துச்சாம். அப்படியே ஓட்டிட்டாங்க. அது ஆம்பளைங்க சமாச்சாரம்னு நாங்க கேக்கலை"ன்னு சொன்னாங்க.

மிஷினை ஓட்டுறது கூலிக்கு வர்ற அண்ணனா இருக்கலாம். கடன் கட்டுறது நாமதானே? அதனால் இன்னைக்கு அந்தப் பில்டரைப் பத்தித்தான் பேசப்போறேன்.

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் இல்லாத ஊர் கிடையாது. முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி பக்கம் விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. 2017-இல் இந்த மரத்தை அகற்றச் சொல்லி மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். அரிவாளும் கோடாலியும் செய்த வேலையை இப்போது பல இடங்களில் மிஷின் செய்கிறது.

இந்த மிஷினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. முழு வேகத்தில் ஓடும்போது நிமிஷத்துக்கு 9,000, 10,000 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மூச்சுக் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றைச் சலித்து அனுப்பும் சல்லடைதான் ஏர் பில்டர். சல்லடை அடைத்துக்கொண்டால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். கரும்புகை வரும், பிளக் கறுத்துப்போகும், மிஷின் திணறி நின்றுவிடும். சல்லடையே இல்லாவிட்டால் மரத்தூளும் மணலும் நேராக உள்ளே போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். நம்ம ஊரோ கடற்கரை ஊர். காற்றில் மணல் எப்போதும் உண்டு.

தூள் உள்ளே போகாமல் இருக்க முதல் வேலை பில்டரில் இல்லை, சங்கிலியில் இருக்கிறது. சங்கிலிப் பல் கூர்மையாக இருந்தால் மரம் தேங்காய்த் துருவல் மாதிரி விழும். பல் மழுங்கினால் மாவு மாதிரி கொட்டும். அந்த மாவுதான் பில்டரை அடைக்கும். ஆகவே அறுக்கிற இடத்தில் கீழே குனிந்து பாருங்கள். மாவு கிடந்தால், "அண்ணே, அரம் போடுங்க"ன்னு சொல்லுங்க. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் உருண்டை அரத்தால் பல்லுக்கு இரண்டு, மூன்று இழுப்பு போட்டால் போதும். ஒரே சீராக எல்லாப் பல்லுக்கும் போட வேண்டும். அடிமரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய விளக்குமாற்றால் தட்டிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். சங்கிலி மண்ணைத் தொட்டால் அந்த நிமிஷமே மழுங்கிவிடும். பச்சை மரத்தைவிடக் காய்ந்த மரத்தில் நைசுத் தூள் அதிகம். அன்றைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது, காற்று. ஆடி மாசம் கச்சான் காற்று எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்கு முகம் காட்டி நின்று அறுத்தால் தூளெல்லாம் மிஷின் மேலும் ஆள் மேலும்தான் வரும். முடிந்த மட்டும் காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும்.

மூன்றாவது, சுத்தம் செய்வது. இதை நாமே செய்யலாம், பத்து நிமிஷ வேலை. மிஷினை அணைத்து ஆறவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன்பு சுற்றியுள்ள தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சோக்கை மூடிவிடுங்கள், அப்போதுதான் பில்டரைக் கழற்றும்போது தூள் கார்புரேட்டருக்குள் விழாது. பிறகு பில்டரை எடுத்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பிசுக்கு ஏறியிருந்தால் சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். பேப்பர் மாதிரி உள்ள பில்டரை நனைக்கக் கூடாது. மிஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலசிய பில்டர் நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் வேகமாக ஊதாதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், கிழிந்துவிடும்.

மாட்டும் முன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கிழிசலோ ஓட்டையோ தெரிந்தால் புதுசு மாற்றுங்கள். கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். அங்கே தூள் படிந்திருந்தால் பில்டர் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். விலை குறைவு என்று பொருந்தாத பில்டர் வாங்கினாலும் இதே கதைதான். தினமும் சாயங்காலம் ஒரு தடவை, காய்ந்த மரம் அறுக்கும் நாளில் மத்தியானமும் ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். இரண்டு பில்டர் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும், வேலை நிற்காது.

இன்னொண்ணு. அந்தத் தூள் நம்ம மூக்குக்குள்ளேயும் போகுது. பக்கத்தில் கட்டை அடுக்குற அக்காக்களும் மூக்கு, வாயை மறைச்சுத் துணி கட்டிக்கிடணும். அறுக்கிற ஆளுக்குக் கண்ணாடி கட்டாயம். மிஷினுக்குப் பில்டர் மாத்தலாம். நம்ம நுரையீரலுக்கு மாத்து கிடையாது.

மிஷின் வச்சிருக்கிற குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் மூணு விஷயம் எழுதுங்க. பில்டர் சுத்தம் செய்யும் முறை வாராவாரம் யாருக்கு? வாடகைக்குப் போய்த் திரும்புற மிஷினில் பில்டரைத் திறந்து பார்த்து வாங்குறது யார்? பில்டர் இல்லாமல் யாரும் ஓட்டக் கூடாது என்பதை ஓட்டுறவரிடம் சொல்லப்போறது யார்?

அந்தக் குழு இப்போ உள்கடன் எடுத்து மிஷினைச் சரிபண்ணியிருக்கு. போன வாரம் போனேன். ஊக்குநர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து பிரஷ்ஷும் கையுமாப் பில்டரைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. "இனிமே இது எங்க சமாச்சாரம்"ன்னாங்க.