பசித்த வயிறும் பள்ளிப் பாடமும்

(கெடா, சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டமொன்றில், பெற்றோர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறுமுன் மரம் சீவி முடிக்க வேண்டியவர்கள் நீங்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும்; அந்நேரத்தை நம் விருப்பப்படி மாற்றவியலாது. அதே வேளையில்தான் வீட்டில் பிள்ளை தானே எழுந்து, முகம் கழுவி, சீருடை அணிந்து பள்ளிக்குப் புறப்படுகிறது. அது பசியாறிற்றா என்று பார்க்க ஆளில்லை. இதில் தாயைக் குறை கூறுவது தகாது.

ஆசிரியர் பயிற்சி முடித்து, இம்மாநிலத் தோட்டப் பள்ளியொன்றில் நான் பணியாற்றத் தொடங்கிய காலத்தில், மூன்றாம் ஆண்டில் ஒரு சிறுவன் இருந்தான். ஒன்பது மணிக்கெல்லாம் மேசைமீது தலை சாய்த்துவிடுவான். மந்த புத்தி என்றெண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓட, அவன் மட்டும் குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கக் கண்டேன். முதல்நாள் இரவுச் சோற்றுக்குப்பின் ஒன்றும் உண்ணவில்லையாம். அவனுடைய பசியைத்தான் அத்தனை நாளும் நான் கடிந்துகொண்டிருந்தேன்.

உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. சிறு பிள்ளைகளிடத்தில் இப்பங்கு இன்னும் மிகுதி. இரும்புச் சத்துக் குறைந்து சோகை கண்ட பிள்ளைக்குப் பாடத்தில் கவனமும் குன்றும். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் இதற்குப் போதா.

இதனை உணர்ந்தே நம் அரசாங்கம் 1979-இல் ஆர்.எம்.தி. என்னும் துணை உணவுத் திட்டத்தையும், 1983-இல் பள்ளிப் பால் திட்டத்தையும் தொடங்கிற்று. தீபகற்பத்தில் ஒரு மாணவருக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்த உணவுத் தொகையை 4 வெள்ளியாக உயர்த்துவதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் பரப்பினார். ஆயினும் காலைப் பசி எஞ்சி நின்றது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தனியே தொடங்க வேண்டியதாயிற்று. நம் பள்ளிகளிலோ இவ்வுணவு பாடத்திற்கு முன்போ ஓய்வு நேரத்திலோ, காலையிலேயே கிடைக்கிறது.

அப்படியிருந்தும் விண்ணப்பம் செய்யத் தயங்குவோர் உண்டு. அச்சிறுவனின் தந்தையிடம் படிவத்தை நீட்டினேன். "இலவசச் சோறு தின்ன நாங்கள் என்ன பிச்சைக்காரர்களா, வாத்தியாரையா?" என்று கேட்டார். தன்மானமுள்ள மனிதர். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்றாயின் பாடநூலைக் காட்டியிருப்பேன். 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கே அது கிடைத்தது. 2008 முதல் எல்லார்க்கும் கிடைக்கிறது. புத்தகத்தை வாங்குவதில் யாரும் வெட்கப்படுவதில்லை. அப்புத்தகத்தைப் படிக்கத் தெம்பு தரும் தட்டுக்கு மட்டும் வெட்கம் எதற்கு?

விடுமுறை நாளில் பள்ளி உணவு கிடையாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இரவே அவித்த முட்டை, சிறிது பயறு, குளிர்பெட்டியில் மூடிவைத்தால் காலையில் பிள்ளை தானே எடுத்து உண்ணும்.

தலைமையாசிரியரிடமிருந்து படிவங்கள் கொண்டுவந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் இம்மேசையருகே அமர்ந்திருப்பேன். மலாய்ப் படிவத்தை நிரப்ப இயலாதோர் சம்பளச் சீட்டுடன் வாருங்கள், சேர்ந்தே எழுதிவிடலாம்.