கிணற்று நீரில் பூச்சிமருந்து: நானோ துகள் செய்யும் துப்புரவு



நாம் தெளிக்கும் பூச்சிமருந்து முழுவதும் பூச்சியின் மேல் படுவதில்லை. ஒரு பகுதி மண்ணில் விழுந்து, மழைநீரோடும் பாசன நீரோடும் கலந்து வாய்க்கால், குளம், கிணறு என்று போய்ச் சேருகிறது. அந்தக் கிணற்று நீரையே பலர் குடிக்கவும் செய்கிறோம். காய்ச்சினால் கிருமிகள் சாகும். மருந்தின் எச்சமும் போய்விடும் என்று நம்பக்கூடாது. துணியில் வடிகட்டினாலும் அது நீங்காது. நீரில் கரைந்து நிற்பதே காரணம்.

இந்த எச்சத்தைப் பிரித்தெடுக்க நானோ துகள்கள் உதவுகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். இவ்வளவு நுண்ணிய துகளால் என்ன பயன்? 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 1 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும்! மேற்பரப்பு கூடக்கூட, நச்சுப் பொருள் வந்து ஒட்டிக்கொள்ள இடமும் கூடுகிறது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் அவர்களும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தனர். தங்கத்தின் நானோ துகள்கள் கலந்த கரைசல் சிவப்பாக இருக்கும். எண்டோசல்பான் அத்துகள்களில் ஒட்டும்போது கரைசல் நீலமாக மாறுவதை 2003-ல் எடுத்துக்காட்டினர். அலுமினாவின் மேல் படியவைத்த வெள்ளித் துகள்களின் வழியே நீரைச் செலுத்தி, குளோர்பைரிபாஸ், மாலத்தியான் ஆகியவற்றையும் பிரித்தெடுத்தனர். இம்முறையில் அமைந்த வீட்டு வடிகட்டி 2007-ல் விற்பனைக்கு வந்தது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்தது.

வடிகட்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, என்ன கலந்திருக்கிறது என்று அறியுங்கள்.

2. துகளின் மேற்பரப்பு நிறைந்துவிட்டால் வடிகட்டி பயன்படாது. குறித்த அளவு நீர் வடிந்ததும் உட்பகுதியை மாற்றுங்கள். கழித்ததை வயலிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள்.

3. இந்தத் துகள்கள் உப்பு நீரை நன்னீராக்கமாட்டா. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டுக்கும் வேறு வழி தேவை.

இன்னொன்றும் உண்டு. வடிகட்டி ஒரு குடம் நீரைத் தூய்மையாக்கும், கிணற்றைத் தூய்மையாக்காது. ஆடும் மாடும் வடிகட்டிய நீரைக் குடிப்பதில்லை. ஆகவே, வருமுன் காப்பதே சிக்கனம். பூச்சியின் சேதம் பொருளாதார நிலையைத் தாண்டினால் மட்டும், பரிந்துரைத்த அளவில் மருந்து தெளியுங்கள். கிணற்றடியில் தெளிப்பானைக் கழுவாதீர்கள். காலி டப்பாவை மும்முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்குத் தெளித்துவிடுங்கள். பின்னர் டப்பாவைத் துளையிட்டுவிட்டால், யாரும் அதில் குடிநீர் பிடிக்கமாட்டார்கள்.

கிணற்றில் மருந்து சேராமல் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை இந்தப் பருவத்திலேயே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.