ராயபுரம் ஸ்டேஷன் யாருடைய சொத்து?

(வடசென்னையில் ரயில்வே தொழிலாளர்களும் பயணிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராயபுரம் ஸ்டேஷன் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். இது நமக்கெல்லாம் தெரிந்த பெருமை. 1853ல் பம்பாயில் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடியது. 1854ல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. மூன்றாவது நம்முடையது. 1856 ஜூன் 28ந் தேதி மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு இந்நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1ந் தேதியிலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், வண்டிகள் ஓடின. போரிபந்தரின் பழைய கட்டடம் இன்று இல்லை. ஹௌராவின் பழைய கட்டடமும் இல்லை. ராயபுரம் மட்டும் தன் தூண்களோடு நின்றுகொண்டிருக்கிறது.

பெருமை இருக்கட்டும். இதை எதற்காகக் கட்டினார்கள்? யார் பணத்தில் கட்டினார்கள்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நம்மை ஊருக்குக் கூட்டிப்போகவா கட்டினார்கள்? கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி 1853ல் லண்டனுக்கு எழுதிய குறிப்பில் காரணத்தை மறைக்கவே இல்லை. பட்டாளத்தை வேகமாக அனுப்பவேண்டும். உள்நாட்டுப் பஞ்சு துறைமுகத்துக்கு வரவேண்டும். பிரிட்டிஷ் சரக்கு உள்நாட்டுக்குப் போகவேண்டும். இடத்தைப் பாருங்கள். கோட்டையும் கறுப்பர் பட்டணத்து வியாபாரிகளும் ஒரு பக்கம், கடல் மறுபக்கம். அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து, அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தக் கரைக்கு அருகிலேதான் ரயில் வந்து நின்றது.

சரி, பணம்? லண்டனில் பங்கு சேர்த்த மதராஸ் ரயில்வே கம்பெனி போட்டது என்பார்கள். ஆனால் ஏற்பாடு என்ன தெரியுமா? போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டிக்கு சர்க்கார் உத்தரவாதம் கொடுத்தது. நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தது. ரயிலில் வரும் வருமானம் அந்த வட்டிக்குக் கட்டாமற்போனால், குறையை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து நிரப்பவேண்டும். வரி கொடுத்தது யார்? பெரும்பாலும் நிலவரி கட்டிய குடியானவன்தான். ரயிலைக் கண்ணாலும் பார்த்திராத தஞ்சாவூர்க் குடியானவனும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி கட்டினான்! நட்டம் நமக்கு, வட்டி அவர்களுக்கு. செலவைச் சுருக்கவேண்டிய கவலைகூட கம்பெனிக்கு இல்லாமற் போயிற்று.

ரயில் வந்தால் பஞ்சம் போய்விடும் என்று சொல்லப்பட்டது. 1876 முதல் 1878 வரை மதராஸ் ராஜதானியைப் பெரும் பஞ்சம் தாக்கியது. லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. ரயிலும் இருந்தது. ஏழையின் கையில் காசு இல்லை. தண்டவாளம் தானியத்தைக் கொண்டுபோகும். கூலியில்லாதவனுக்கு வாங்கும் சக்தியைக் கொண்டுவந்து தராது.

1908ல் இந்த ரயில்பாதை எம்.எஸ்.எம். என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போயிற்று. 1944ல்தான் அந்த நிர்வாகத்தை சர்க்கார் நேரடியாக ஏற்றது. 1951 ஏப்ரல் 14ந் தேதி தென்னக ரயில்வே உருவாயிற்று. அதற்குள் ராயபுரத்தின் மவுசு போய்விட்டது. 1873ல் திறந்த சென்ட்ரல் வளர்ந்து பெரிய முனையமாயிற்று. ராயபுரமோ, கடற்கரைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே மின்சார ரயில்கள் நின்றுபோகும் சிறு ஸ்டேஷனாயிற்று.

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பட்டாளத்துக்கும் பஞ்சுக்கும் கட்டிய நிலையம் இன்று யாருடையது? மீன் கூடையோடு வரும் தாயுடையது. வேலைக்குப் போகும் பெண்ணுடையது. இங்குள்ள எஞ்சின் ஷெட்டில் உழைக்கும் தொழிலாளியுடையது. மண் வெட்டி, கல் சுமந்து பாதை போட்டவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வட்டி கட்டியவர்களும் அவர்களே. உழைப்பால் ஒரு தரமும் வரியால் பல தரமும் இதற்கு விலை கொடுத்தாயிற்று.

ஆகவே இது மக்கள் சொத்து. 2005ல் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள்; அதை வரவேற்கிறோம். ஆனால் வெள்ளையடிப்பது மட்டும் பாதுகாப்பாகாது. ரயில் நின்று, ஜனம் ஏறி இறங்கினால்தான் நிலையம் உயிரோடிருக்கும். ராயபுரத்திலிருந்து வெளியூர் ரயில்கள் புறப்படவேண்டும் என்பது வடசென்னை மக்கள் வெகுகாலமாகக் கேட்டுவருவது. சென்ட்ரல் பக்கத்தில்தானே இருக்கிறது என்பவர்கள் பண்டிகை நாளில் அங்கே போய் நின்று பார்க்கட்டும்! பக்கத்தில் இருப்பதால்தான் அதன் நெரிசலை ராயபுரம் பகிர்ந்துகொள்ள முடியும்.

பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் அழகு கெடாமல், மக்களுக்குப் பயன்படும்படி செய்யவேண்டும். இதைக் கேட்பது யாசகமல்ல. விலை கொடுத்தவன் தன் பொருளைக் கேட்பது. ஒன்றுபட்டு, ஓயாமல் கேட்போம் என்று சொல்லி முடிக்கிறேன்.