எரிகோ சாலையும் திம்பம் மலையும்

வானொலி மறையுரை
பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நற்செய்தி: லூக்கா 10:25-37



என் தந்தை லாரி ஓட்டுநர். திருப்பூரில் பனியன் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மைசூருக்குப் போவார். திரும்பும்போது சாமராஜநகர், தாளவாடிப் பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு வருவார். அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, அதன் பிறகு திம்பம் மலை. மே மாத விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். பகலெல்லாம் கிளீனர் அண்ணன் அதில் படுத்திருப்பார், இரவில் அது எனக்கு. ஆனால் மலை வந்துவிட்டால் நான் தூங்கமாட்டேன். பயம்!

திம்பத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் நிற்போம். இன்று அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. என் சிறுவயதில் அதெல்லாம் இல்லை. இரவும் பகலும் வண்டி ஓடும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சுமை வண்டி பல வளைவுகளில் ஒரே ஒடிப்பில் திரும்பாது. பாதி திரும்பி நின்றுவிடும். பின்னால் எடுத்து மறுபடி ஒடிக்க வேண்டும். அந்தப் 'பின்னால்' என்பது பள்ளம்.

அங்கேதான் கிளீனர் அண்ணனுக்கு வேலை. வண்டி நிற்கும் முன்னே குதித்து ஓடி, பின் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகுவார். அதற்குப் பெயர் முட்டுக்கட்டை. நாம் மேடைகளில் 'வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை' என்று அதைத் திட்டாத நாள் இல்லை. மலையில் அந்தக் கட்டை இல்லாவிட்டால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

பண்ணாரியில் வண்டி நிற்கும். கிளீனர் அண்ணன் இறங்கி, அம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வருவார். அப்பா அதுவரைக்கும் என்ஜினை அணைக்காமல் காத்திருப்பார். கண்ணாடிக்கு மேலே தொங்கும் கருமத்தம்பட்டிச் செபமாலையை ஒருமுறை தொட்டுக்கொள்வார். அவ்வளவுதான், கிளம்பிவிடும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இன்றைய நற்செய்தியில் நல்ல சமாரியர் உவமையைக் கேட்டோம். எனக்கு இதில் முதலில் கண்ணில் படுவது ஒரு சின்னச் சொல். ஒருவர் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு 'இறங்கி'ப் போகிறார். இறையியல் கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாதான். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். 27 கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம். பாலைநிலம், பாறை, வளைவு. ஒரு வளைவில் நிற்பவனுக்கு அடுத்த வளைவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. யோசுவா நூலில் அதும்மிம் ஏற்றம் என்று ஓர் இடம் வருகிறதே, அது இந்த வழியில்தான். அந்தப் பெயரில் இரத்தத்தைக் குறிக்கும் சொல் இருப்பதாகவும், கள்வர் சிந்திய இரத்தத்தால் வந்த பெயர் அது என்றும் புனித ஜெரோம் எழுதினார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இது லாரிக்காரர் எல்லாருக்கும் தெரியும். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம் சூடேறிவிடும், ஒரு கருகல் வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. "ஏறையில எந்த கியரோ, எறங்கையிலயும் அந்த கியர்தான் கண்ணு" என்பார் அப்பா. இன்னொன்றும் சொல்வார். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். அது சாலை விதி. ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம், ஆகவே நிற்க முடிந்தவன் நிற்கட்டும் என்பதுதான் அதன் நியாயம். உவமையில் வரும் குருவும் அதே வழியாய் இறங்கித்தான் போகிறார். இதைக் கவனியுங்கள். குருக்கள் பலர் எரிகோவில் குடியிருந்தார்கள், முறை வரும்போது கோவில் பணிக்கு எருசலேமுக்கு ஏறிப் போவார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு, பலி செலுத்த முடியாது என்று அவருக்காக நாம் ஒரு சாக்குச் சொல்வதுண்டு. அவரோ பணி முடிந்து வீட்டுக்கு இறங்குகிறார். அந்தச் சாக்கு நிற்காது. அவரால் நின்றிருக்க முடியும்.

1981 மே மாதம். எனக்குப் பதினோரு வயது. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இரவில் இறங்கிக்கொண்டிருந்தோம். மேலிருந்து நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். கர்நாடக லாரி ஒன்று குறுக்காக நின்றது. ஏறி வந்த வண்டி. ஆக்சில் முறிந்துவிட்டது. பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை மட்டும் கொடுத்திருந்தார்கள். கல் நசுங்கி, வண்டி விரல் விரலாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை எடுத்தால் வண்டி போய்விடும். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ! கன்னடத்தில் ஏதோ கத்தினார். எங்களுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய தேவையும் இல்லை.

வண்டி ஒதுங்கிப் போகிற அளவுக்கு உள்பக்கம் இடம் இருந்தது. கிளீனர் அண்ணன், "அண்ணா, போயிரலாம்ணா. கீழ செக்போஸ்ட்ல சொல்லிரலாம். தக்காளி வெடிஞ்சா விலை போகாதுங்ணா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சந்தைக்கு நேரம் தவறினால் வாடகையில் பிடிப்பார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. மலைப் பக்கமாக வண்டியை அணைத்து நிறுத்தி, கியரில் போட்டு, எங்கள் சக்கரங்களுக்கு இரண்டு பெரிய பாறாங்கல் தேடி வைக்கச் சொன்னார். எங்கள் முட்டுக்கட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அந்த லாரியின் பின் சக்கரங்களுக்கு அடியில் அடித்து இறக்கினார். ஓட்டுநரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவருக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

யானை வரும் இடம் என்பதால் விடியும் வரை நெருப்பு மூட்டிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அவருடைய ராகி உருண்டையில் பாதி எனக்கு. விடிந்ததும் கட்டைகளை அவரிடமே விட்டுவிட்டு அப்பா கிளம்பினார். மீதி வளைவுகளைக் கட்டை இல்லாமல்தான் இறங்கினோம். கிளீனர் அண்ணன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தக்காளியில் பாதி வீணாகிவிட்டது. அந்த மாதம் வீட்டில் பணம் போதவில்லை, அம்மா சண்டை போட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு ஒழுங்காக வந்தவர் அல்லர். பாதி ஞாயிறு சாலையில் கழியும். "உங்க வீட்டுக்காரரு கோயிலுக்கே வர்றதில்லீங்களே" என்று அம்மாவிடம் கேட்பார்கள். நான் குருமடம் போனபோதுகூட, ஓட்டுநர் வீட்டுப் பையனா என்று வியந்தவர்கள் உண்டு.

சரி, இப்போது அந்த ஓட்டுநர் மகனைப் பற்றிச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு. நான் குருவாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு காலை, கிளைப்பங்கில் ஆறரை மணித் திருப்பலிக்காகப் பல்லடம் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். சாலையோரம் சைக்கிள் ஒன்று நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மனிதர். இரவு ஷிப்ட் முடித்து வந்த பனியன் கம்பெனித் தொழிலாளியாக இருக்கும், டிபன் பை தூரத்தில் கிடந்தது. அவர் கை அசைந்தது. நான் பார்த்தேன். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். மணி ஆறு இருபது. மக்கள் காத்திருப்பார்கள். போலீஸ், கேஸ், சாட்சி என்று என்னென்னவோ மனதில் ஓடியது. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

அன்று நான் சரியான நேரத்துக்குத் திருப்பலியைத் தொடங்கினேன். மறையுரையும் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

திரும்பும்போது அந்த இடத்தில் நிறுத்தினேன். யாரும் இல்லை. எதிரே டீக்கடைக்காரர் சொன்னார்: "வடக்கத்திப் பசங்க ரெண்டு பேருங்க சாமி. பேச்சே புரியல. கையில இருந்த பனியன் வேஸ்ட்ட வெச்சுத் தலையக் கட்டி, ஒரு மினி ஆட்டோவ மறிச்சு ஏத்திட்டுப் போயிட்டாங்க." மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்து கோவைக்கு அனுப்பியிருந்தார்கள். கோவையில் போய் விசாரித்தபோது, "பேரு என்னங்க?" என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? காலையில் நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.

திராட்சை மதுவும் எண்ணெயும் வார்த்துக் கட்டிய சமாரியரைப் பற்றி இனி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சமாரியரிடம் பனியன் வேஸ்ட் இருந்தது. யூதருக்குச் சமாரியர் எப்படியோ அப்படித்தான் நம் ஊரில் பலர் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். 'வடக்கன்' என்கிறோம், வாடகைக்கு வீடு தரத் தயங்குகிறோம், திருட்டு நடந்தால் முதலில் அவர்கள் அறையைத்தான் சோதிக்கச் சொல்கிறோம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களில் நம்மோடு திருப்பலிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் நிற்கிறார்கள். தமிழ் தெரியாததால் நம்மோடு பேசுவதில்லை. நாமும் பேசுவதில்லை.

மார்ட்டின் லூதர் கிங் தம் மனைவியோடு எருசலேமிலிருந்து எரிகோவுக்குக் காரில் போனவர். 1968 ஏப்ரல் 3 அன்று, மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்காகப் பேசியபோது அந்த வளைவுகளை நினைவுகூர்ந்தார். நான் நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று குரு யோசித்தார், நான் நிற்காவிட்டால் இவருக்கு என்ன ஆகும் என்று சமாரியர் யோசித்தார் என்ற கருத்தில் பேசினார். மறுநாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆறு இருபது மணிக்கு நான் முதல் கேள்வியைத்தான் கேட்டேன்.

நான் அன்று பயந்த காரியங்களில் பாதி இப்போது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் பலர் அந்தப் பயத்தில்தான் தாண்டிப் போகிறோம். விபத்தில் உதவுகிறவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற வழிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சாட்சியாகக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தை நம்மிடம் யாரும் கேட்கப்போவதில்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவே.

அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பல்லடம் சாலைக் கதையை அவரிடம் ஒருமுறை சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளு பொழச்சாரா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியாது. திருப்பலியில் உயிரோடு இருப்பவர்களை நினைவுகூரும் இடம் ஒன்று உண்டு, இறந்தோரை நினைவுகூரும் இடமும் உண்டு. அவரை எதில் சேர்ப்பது என்று தெரியாததால், இந்தப் பதினேழு ஆண்டுகளாக இரண்டு இடத்திலும் நினைக்கிறேன்.