தாய்சேய் நலமும் தகவல் நுட்பமும்



இரணைமடுக் குளத்தை அண்டி வாழும் நமக்கு ஓர் உண்மை புதிதன்று. நீர்மட்டம் எத்தனை அடி என்பதை அளவுகோல் காட்டும். ஆயினும் அளவுகோல் வான்கதவைத் திறப்பதில்லை. பார்த்தவர் உரியவருக்கு உரிய வேளையில் அறிவித்தாலன்றி ஊர் தப்பாது. தாய்சேய் நலத்திலே தகவல் தொழில்நுட்பத்தின் இடமும் இத்தகையதே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ மாண்டனர். இவற்றுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. தாடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் மூன்று தாமதங்களைச் சுட்டினர்: ஆபத்தை உணர்ந்து முடிவெடுப்பதில் தாமதம், வைத்தியசாலையை அடைவதில் தாமதம், அடைந்தபின் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம்.

கணினி வருமுன்னரே நம் நாடு இத்தாமதங்களோடு போராடத் தொடங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. 1930களின் முற்பகுதியில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேலிருந்த தாய்மரணம், 2019இல் ஏறத்தாழ 30 ஆகக் குறைந்தது. மருத்துவமாது வீடுவீடாகச் சென்று எழுதிய பதிவேட்டுக்கு இதிற் பெரும் பங்குண்டு. இன்று அப்பதிவேடுகளின் தொகைக் கணக்கு, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மென்பொருளின் வழியாகக் குடும்ப சுகாதாரப் பணியகத்தைச் சேர்கின்றது. 2018 யூலையில் வட மாகாணத்துக்கு விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை, வழித் தாமதத்தைக் குறைக்க வந்தது. 2024இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட பெண்கள் நல மருத்துவ நிலையம், சிகிச்சைத் தாமதத்தைக் குறைக்க வந்தது.

எஞ்சியது முதலாவது தாமதம். அது வீட்டுக்குள்ளே இருக்கின்றது. கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியன கண்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருத்தலாகாது. பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் குளிர்ந்தாலும் அவ்வாறே. கைத்தொலைபேசியில் இவ்வெச்சரிக்கை நல்ல தமிழில் வந்தால் மட்டும் போதுமா? அத்தொலைபேசி கணவனின் சட்டைப்பையில் வயலுக்குப் போய்விட்டால் யாருக்குப் பயன்? ஆகவே கணவனும் மாமியும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்ததை மறந்தோமல்லோம். அத்தகைய இரவிலே பிரசவ வலி எடுத்தால் என் செய்வது? எந்தத் தாய்க்கு எந்நாளிற் பிரசவம் என்பது மருத்துவமாதின் ஏட்டில் உண்டு. நீர் எப்போது திறக்கும் என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரியும். இவ்விரு செய்திகளும் சந்தித்துவிட்டால், நாள் நெருங்கிய தாயை ஒருநாள் முன்னதாகவே வைத்தியசாலைக்கு அனுப்பலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை; ஒரு குறுஞ்செய்தியும், ஒரு வாகனமும், பொறுப்புள்ள நாலு இளைஞரும் போதும்.

இளைஞர்களே, மாரிக்கு முன்னரே மருத்துவமாதிடம் சென்று, "எங்கள் உதவி எங்கே வேண்டும்?" என்று கேளுங்கள். சிக்னல் கிடைக்காத ஒழுங்கைகளை அறிந்து வையுங்கள். ஆனால் ஒரு தாயின் உடல்நிலை ஊர்ப்பேச்சுக்குரிய பொருளன்று. அவள் சம்மதமின்றி அவள் பெயரையோ படத்தையோ எவருக்கும் அனுப்பாதீர்கள்.

செய்தி வெள்ளத்தை முந்தட்டும். நம் கால்கள் செய்தியை முந்தட்டும். தாயும் சேயும் நலமாய் வீடு திரும்புவதே நம் ஊருக்குச் சிறப்பு.